கடலுக்குப் போறவனுக்கு எட்டணா

இப்பல்லாம் எவனும் சில்லறையை எண்ணிப் பார்ப்பதில்லை. கொடுத்ததை அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு பேப்பரைத்தான் பார்க்கிறான். பேப்பரில் நாற்பத்தேழு என்று இருந்தால் அது நாற்பத்தேழுதான். எதிரே நிற்கிற மனுஷன் "இல்லப்பா, நாப்பத்தஞ்சு" என்றால் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். ரேஷன் கடையில் அப்படி, பேங்கில் அப்படி, கரண்ட் பில் கட்டுகிற இடத்திலும் அப்படி. மிஷின் அடித்துத் தள்ளிய காகிதம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நானும் ஏழு மாசம் அந்தக் காகிதத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். அந்த எரிச்சல்தான் இதை எழுத வைக்குது.

என் பேர் பரசுராமன். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வூடு. மூணாங்கிளாஸோடு படிப்பு சரி. ராயபுரத்தில் தவசிமுத்து அண்ணாச்சி கடையில் முப்பத்தோரு வருஷம் வேலை. கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை. தூண்டில் முள், ஈயக்குண்டு, மிதவை, நைலான் கயிறு, இதெல்லாம். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். அவருடைய அப்பா காலத்தில் நான் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து முள்ளை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கல்லாவுக்கு வந்தது வேம்புவுக்கு அப்புறம்தான்.

வேம்புவைப் பற்றிச் சொல்லியாகணும். எங்க தெருக்காரன். பதினோரு வருஷம் அந்தக் கல்லாவில் இருந்தான். ஒரு நாள் சாயங்காலம் நாற்பது ரூபாய் குறைந்தது. அண்ணாச்சி கத்தவில்லை. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்வே" என்றார், அவ்வளவுதான். வேம்பு எடுத்தானா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போது திருவொற்றியூரில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன். எங்க தெருவில் அவன் பேர் கல்லா வேம்பு. அவன் பையனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில்கூட, "எந்த வேம்பு, கல்லா வேம்புவா?" என்று கேட்டார்களாம். சாவியை என் கையில் கொடுத்த அன்றைக்கு அண்ணாச்சி சொன்னது ஒன்றுதான். "கணக்கு ஒத்துப் போற வரைக்கும் சாவி உம்மகிட்ட இருக்கும்."

ஒன்பது வருஷம் ஒத்துப்போனது. கையால் பில் எழுதினோம், பில்லில் எழுதினதை நோட்டில் எழுதினோம், சாயங்காலம் நோட்டைக் கூட்டினால் கல்லாவில் அதே பணம் இருக்கும்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரூபாய்க்குக் கீழே நிற்கிற சில்லறை எட்டணாவுக்குக் கம்மி என்றால் விட்டுவிடுவோம். எட்டணாவுக்கு மேல் என்றால் முழு ரூபாயாக வாங்கிக்கொள்வோம். சரியாக எட்டணாவில் வந்து நின்றால் அது கடைக்கு இல்லை, கடலுக்குப் போகிறவனுக்கு. அண்ணாச்சியோட அப்பா போட்டுவைத்தது. தண்ணிமேல போறவன்கிட்ட எட்டணாவுக்கு மல்லுக்கட்டக் கூடாது என்பார்.

எங்கள் கடையில் அதிகம் போகிற சரக்கு சின்ன முள். நூறு முள் முப்பத்தேழரை ரூபாய். நூறோ முந்நூறோ ஐந்நூறோ, ஒற்றைப்படையில் எவன் வாங்கினாலும் கடைசியில் எட்டணா வந்து நிற்கும். நாங்கள் அதை விட்டுவிட்டு முப்பத்தேழு, நூற்றிப்பன்னிரண்டு, நூற்றியெண்பத்தேழு என்று வாங்குவோம். ஒரு முள் என்ன விலை என்று எவனும் கேட்டதில்லை. ஒரே ஒரு முள்ளை வாங்கி எவன் மீன் பிடிக்கப் போகிறான்?

இரண்டாயிரத்து மூணு பொங்கலுக்குக் கடைக்கு கம்ப்யூட்டர் வந்தது. அண்ணாச்சி மகள் பெனிஷா காலேஜில் அந்தப் படிப்புதான் படித்தாள். வெளியாளுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று மூணு மாசம் உட்கார்ந்து அவளே எல்லாம் எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரப் பெண். எட்டணா வழக்கத்தை அவளுக்குச் சொன்னது நான்தான். "சரி மாமா, அதையும் சொல்லிவச்சுடறேன்" என்றாள். யாரிடம் என்று கேட்டதுக்கு மிஷினைக் காட்டினாள்.

முதல் வாரத்திலேயே ஜாபர் வந்து சண்டை வைத்தான். ஜாபர் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பெட்டிக்கடை மாதிரி ஒன்று வைத்திருக்கிறான், எங்களிடம் வாங்கி அங்கே விற்பான். பில்லை வாங்கினவன் நகராமல் நின்றான்.

"இன்னா நைனா இது?"

"இன்னா?"

"ஒரு முள்ளு முப்பத்தெட்டு பைசான்னு போட்டுகீது. நூறு முள்ளு முப்பத்தேழு ரூபான்னு போட்டுகீது. எந்த இஸ்கூல்ல படிச்சிது இந்த மிஷினு?"

"ஒரு ரூபா உனக்குத்தானே லாபம்? மூடிகினு போவியா."

"லாபம் கீதே, அதான் பேஜாரா கீது. இன்னிக்கு தப்பா குடுக்குது. நாளைக்கு தப்பா புடுங்காதா?"

பெனிஷா எழுந்து வந்தாள். "அண்ணே, ஒரு முள் முப்பத்தேழரை பைசா. பேப்பர்ல புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்ணுதான் அடிக்கும். அதனால முப்பத்தெட்டுன்னு காட்டுது. உள்ள முப்பத்தேழரைதான் இருக்கு. கணக்கு போடறதெல்லாம் உள்ள இருக்கிறத வச்சுத்தான்."

"காட்றது ஒண்ணு, உள்ள வச்சிகினு இருக்கறது வேறயா?" ஜாபர் என்னைப் பார்த்தான். "நைனா, என் மச்சானும் இப்டித்தான். அவனை புடிச்சி மிஷினுக்குள்ள போட்டுட்டாங்க."

கடையே சிரித்தது. பெனிஷாவும் சிரித்தாள். அன்றைக்கே ஒற்றை முள் விலையை எடுத்துவிட்டு நூற்றுக்கு என்ன விலை என்று அடிக்கிற மாதிரி மாற்றினாள். சண்டை ஓய்ந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காட்டுவது ஒன்று, உள்ளே வேறு ஒன்று என்றால் அதை எதிரில் வைத்துக்கொண்டு நான் எப்படிக் கல்லாவில் உட்காருவது?

ஆனால் அதைப் பெரிதாக நினைக்க நேரமில்லை. ஏன் என்றால் முதல் நாளிலிருந்தே எனக்குப் பணம் குறைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு மிஷின் ஒரு சீட்டு அடிக்கும். அன்றைக்கு விற்றது மொத்தம் இவ்வளவு என்று ஒரே ஒரு எண். காலையில் சில்லறைக்காக வைத்த இருநூறைத் தள்ளிவிட்டு கல்லாவில் அந்த எண் இருக்கணும். முதல் நாள் அஞ்சு ரூபாய் குறைந்தது. மூணு தரம் எண்ணினேன். அஞ்சு அஞ்சுதான். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சரியா இருக்கா?"

புது மிஷின் வந்த முதல் நாள். கிழவன் தடுமாறுகிறான் என்று ஆகிவிடும். சட்டைப் பையில் இருந்த அஞ்சு ரூபாய் காசை எடுத்துப் போட்டேன். "சரி அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் நாலு. அதுக்கு மறுநாள் ஆறு. ஒரு நாளாவது கூடியிருந்தால் மிஷினைச் சந்தேகப்பட்டிருப்பேன். எப்போதும் குறைந்தது. அப்படியென்றால் நான்தான் யாருக்கோ சில்லறை அதிகமாகக் கொடுக்கிறேன். வயசு அறுபத்திமூணு. இடது கண்ணில் புரை. போன வருஷம் மழைக்காலத்தில் கிருஷ்ணப்பன் என்கிற படகுக்காரனுக்குப் பத்து ரூபாய் என்று நினைத்து நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டேன். அவன் நல்லவன், திரும்பி வந்து கொடுத்தான். எல்லாரும் கிருஷ்ணப்பனா?

ஒரு நாள் மத்தியானம் பில் காப்பிகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாற்பதாவது காப்பி வரைக்கும் போனேன், ஆள் வந்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஆள். விட்டுவிட்டேன். பெனிஷாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் முதல் வார்த்தை, எனக்குக் குறையுது என்பது. அந்த வார்த்தையை அந்தக் கடையில் சொன்னவன் திருவொற்றியூரில் லாரிக்குக் காவல் இருக்கிறான்.

போகிற பஸ்ஸுக்கு மூணு ரூபாய், வருகிற பஸ்ஸுக்கு மூணு ரூபாய். கல்லா தின்றது அதைத்தான். ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வழியாக, பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கி, வியாசர்பாடிக்கு நடந்தேன். மாசி மாசத்திலிருந்து காலையிலும் நடந்தேன். டீயை ஒன்றாக்கினேன். பீடியை விட்டேன், அது ஒன்றுதான் நல்லது.

சரியான சில்லறை கையில் இருக்காது. நாலரை குறைந்தால் அஞ்சாகப் போட்டேன். ஆறு குறைந்து பையில் இரண்டு அஞ்சு ரூபாய் காசு மட்டும் இருந்த நாளும் உண்டு. பத்தைப் போட்டுவிட்டு நாலைத் திருப்பி எடுக்கணும். கல்லாவிலிருந்து என் பைக்கு நாலு ரூபாய் போகிறதை யாராவது பார்த்துவிட்டால்? எடுக்காமலே பூட்டிவிட்டேன். மறுநாள் அந்த நாலு ரூபாய் சில்லறைக் காசோடு கலந்து எங்கே போனதென்று தெரியவில்லை.

வூட்டில் என் சம்சாரம் அன்புக்கரசி கேட்டாள். "பஸ்ஸு இன்னா ஆச்சி?"

"கூட்டம்."

"டெய்லியா?"

"டெய்லி கூட்டம்தான்."

அவள் என் செருப்பைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். குதிகால் பக்கம் ஓட்டை விழுந்து வெளிச்சம் தெரிந்தது. "பஸ்ல போறவன் செருப்பாய்யா இது? எவளுக்கு துட்டு குடுத்துகினு கீற?"

"இந்த வயசுல எவ வாங்குவா?"

"குடுத்தா வாங்குவாளுங்க" என்று செருப்பைக் கீழே போட்டாள். மூணு நாள் என்னோடு பேசவில்லை.

சித்திரையில் தடைக்காலம் வந்தது. நாற்பத்தஞ்சு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வலைக்குக் கயிறும் மிதவையும் விற்கும், முள் வாங்க ஆள் கம்மி. அந்த நாற்பத்தஞ்சு நாளும் எனக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு மேல் குறையவே இல்லை. சில நாள் சரியாகவே இருந்தது. தலை தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் போனேன். ஒரு நாள் அன்புக்கரசிக்கு அரைக்கிலோ மாம்பழம்கூட வாங்கிப் போனேன். வைகாசிப் பாதியில் படகுகள் கிளம்பின. முள் வாங்கக் கூட்டம் வந்தது. முதல் நாளே ஏழு ரூபாய் குறைந்தது. அப்போது முடிவு கட்டினேன். கூட்டம் வந்தால் என் தலை வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "எம் மக எழுதின கணக்கு. பொங்கலுக்கு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் ஒத்த ரூவா வித்தியாசம் கிடையாது." பக்கத்துக் கயிற்றுக் கடைக்காரர் தனக்கும் அப்படி ஒன்று எழுதித் தரச் சொல்லி பெனிஷாவைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்து, "மாமாவும் தப்பில்லாம எண்ணுறாங்கல்ல, அதான்" என்றாள். நான் குனிந்து சில்லறையை அடுக்கினேன்.

ஆடி முடிகிற நேரம் காய்ச்சல் வந்தது. காலும் வீங்கிவிட்டது. மூணு நாள் எழுந்திருக்க முடியவில்லை. கல்லாவில் பெனிஷா உட்கார்ந்தாளாம்.

நாலாம் நாள் பஸ்ஸில் போனேன். கடை வாசலில் கால் வைக்கிறபோதே அண்ணாச்சி குரல் கேட்டது.

"ஆறு ரூவா, ஏழு ரூவா, ஆறு ரூவா. மூணு நாள்ல பத்தொம்பது ரூவா. துட்டுன்னா விளையாட்டா போச்சா உனக்கு?"

"நான் சரியாத்தான்ப்பா வாங்கினேன்."

"சரியா வாங்கினா எங்க போச்சு? இந்தா வந்துட்டாரு பாரு. மூணாங்கிளாஸ். ஏழு மாசமா ஒத்த ரூவா கொறையல. காலேஜ் படிச்ச நீ மூணு நாள் உக்காந்து பத்தொம்பது ரூவா. கம்ப்யூட்டர் தப்பா இருந்தா அவருக்கும்லா கொறஞ்சிருக்கணும்? பரசுராமன், நீரே சொல்லும், எப்படிவே ஒத்துப் போச்சு உமக்கு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு நின்றது. நான் போட்ட காசை வைத்து அவளை அடித்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி.

நான் நல்லவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். சும்மா இருந்தால் சாவி என்னிடம் இருக்கும், பேர் இருக்கும். அப்புறம் தினம் ஆறு ரூபாய். சாகிற வரைக்கும் பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கணும். கால் வலித்தது. அதனால் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்க.

"எனக்கும் கொறஞ்சிது அண்ணாச்சி."

"என்னது?"

"தெனம் கொறஞ்சிது. என் துட்டப் போட்டு சரி பண்ணிகினு இருந்தேன்."

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, பாவம் என்கிற பார்வையும் இல்லை.

"ஏழு மாசமா எனக்குப் பொய்க் கணக்கு காட்டியிருக்கீரு."

"போட்டேன் அண்ணாச்சி. எடுக்கல."

"அது எனக்கு எப்படிவே தெரியும்? நெதம் கல்லாவுல கை வச்சிருக்கீரு, எனக்குத் தெரியாம. போட்டேங்கீரு. வேற ஒருத்தன் எடுத்துட்டு, போட்டேன்னு சொன்னா நான் எத வச்சுக் கண்டுபிடிக்க?"

அவர் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் முப்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஆளை வேம்புவாக ஆக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

பெனிஷா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "தினம் எவ்வளவு மாமா குறையும்?"

"அஞ்சு, ஆறு."

"என்னிக்காவது கூடுதலா இருந்திருக்கா?"

"கெடையாது."

"தடைக்காலத்துல?"

"ஒண்ணு ரெண்டு. அப்போ தல நல்லா இருந்துது."

அவள் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். முந்தாநாள் பில் காப்பிகளை எடுத்துவந்தாள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், அவள் மிஷினைத் தொடாமல் பேனாவால் நோட்டில் எழுதிக் கூட்டினாள். அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறு காப்பி. வெளியே ஒருத்தன் ஷட்டரைத் தட்டி, "முள்ளு கீதா?" என்று கேட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே போனான்.

காப்பிகளின் கூட்டு ஆறாயிரத்து இருநூற்று எழுபத்தேழு. கல்லாவில் அன்றைக்கு இருந்ததும் அதேதான். மிஷின் அடித்த சீட்டில் ஆறாயிரத்து இருநூற்று எண்பத்திநாலு.

"ஏழு" என்றார் அண்ணாச்சி.

பெனிஷா காப்பிகளிலிருந்து முப்பத்தேழு, நூற்றிப்பன்னிரண்டு, நூற்றியெண்பத்தேழு என்று எட்டணா விட்ட பில்களை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தாள். பதினாலு இருந்தது. அதைப் பார்த்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"மாமா, எட்டணாவை விட்டுடுன்னு சொன்னேன்ல. பில் அடிக்கிறப்போ மட்டும்தான் விடச் சொல்லியிருக்கேன். உள்ள சேத்து வைக்கிறப்போ விடச் சொல்ல மறந்துட்டேன். பில்லுல முப்பத்தேழுன்னு அடிக்குது, உள்ள முப்பத்தேழரைன்னே வச்சிருக்கு. சாயங்காலம் அந்த அரையெல்லாம் சேத்து உங்ககிட்ட கேட்டிருக்கு."

"நாலணா, முக்கால்ல நிக்கிற பில்லெல்லாம்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அது பாதி கூடும், பாதி குறையும், பெரும்பாலும் சரியாப் போயிடும்ப்பா. எட்டணா மட்டும் எப்பவும் ஒரே பக்கம்தான் போகும். மாமா ஒரு தடவைகூட தப்பா எண்ணல."

"மறந்தது நீ, நடந்தது நானு" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் அழுதாள். எனக்கு அதைப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷின் எதிரில் உட்கார்ந்தாள். பொங்கலிலிருந்து ஒவ்வொரு பில்லும் அதுக்குள் இருக்கிறதாம். அடித்தது எவ்வளவு, உள்ளே வைத்தது எவ்வளவு, இரண்டையும் கழித்து, அவள் உட்கார்ந்த மூணு நாளைத் தள்ளினால் நான் போட்டது வந்துவிடும் என்றாள். அரைமணி நேரம் தட்டினாள். பிறகு சரக் சரக் என்று ஒரு காகிதம் வந்தது. 731 என்று இருந்தது.

அண்ணாச்சி காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கல்லாவைத் திறந்து எழுநூற்று முப்பத்தொன்றை எண்ணி மேஜைமேல் வைத்தார். "எடுத்துக்கிடும். இனிமே கொறஞ்சா சொல்லும், உம்ம துட்டப் போடாதேயும்." மன்னிச்சுக்கிடும் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஸ்க்ரீன்ல எழுநூத்தி முப்பத்தொண்ணரைன்னு காட்டுதுப்பா" என்றாள் பெனிஷா. "பில் மாதிரியே அடிச்சதால பேப்பர்ல அரையை விட்டுடுச்சு."

"எட்டணா வுடறது கடலுக்குப் போறவனுக்குத்தானே அண்ணாச்சி?" என்றேன். "நான் வியாசர்பாடிக்குப் போறவன். எட்டணா எடுங்க."

அண்ணாச்சிக்கு உதட்டு ஓரத்தில் சிரிப்பு வந்துபோனது. தேடி எடுத்து ஒரு எட்டணா காசை நோட்டுக்கு மேல் வைத்தார்.

நான் எண்ணினேன். சரியாக இருந்தது. ஆனால் நான் போட்டது அவ்வளவு இல்லை, அதுக்கு மேல். நாலரைக்கு அஞ்சு போட்ட நாள் எத்தனை? பத்தைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போன நாள்? அது மிஷினுக்குத் தெரியாது. எனக்கும் கணக்கு தெரியாது. பில்லில் இல்லாத அந்தக் காசெல்லாம் கல்லாவோடு பேங்குக்குப் போனதே, அதையாவது யாராவது பார்த்தார்களா? அதை யாரிடம் கேட்பது? மிஷினிடம் கேட்டால் அது எழுநூற்று முப்பத்தொன்று என்றுதான் அடிக்கும்.

இன்னொன்றும் மனசில் ஓடியது. நான் ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணவில்லையாம். அந்தப் பெண் அடித்துச் சொல்கிறாள். கிருஷ்ணப்பனுக்குக் கொடுத்த மாதிரி கை தவறினால் அது எந்த மிஷினில் இருக்கிறது? ஏழு மாசத்தில் அப்படி இரண்டு மூணு ரூபாய் போயிருந்தால்? பத்தைப் போட்டுப் போன நாள் ஒன்று அதைச் சரிக்கட்டியிருந்தால்? யாருக்குத் தெரியும்?

அதற்குள் பெனிஷா எதையோ மாற்றிவிட்டாள். "மாமா, இப்ப பாருங்க. நூறு முள் போடறேன்." பில் வந்தது, முப்பத்தேழு. "இப்ப நாள் சீட்டு." அதிலும் முப்பத்தேழு. "முந்நூறு போடட்டுமா? நீங்களே ஒரு எண்ணு சொல்லுங்களேன். எது வேணா சொல்லுங்க."

"வேணாம் பாப்பா."

"நம்பிக்கை இல்லையா மாமா?"

"ஜாபரு கேட்டான் பாரு, அன்னிக்கும் நீ சரின்னுதான் சொன்ன."

"அது வேற, இது வேற மாமா."

"இருக்கும்" என்றேன்.

கல்லா சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். "நாளையிலேர்ந்து பின்னால உக்காந்து முள்ளு நிறுக்கறேன் அண்ணாச்சி. தராசுல முள்ளு ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும். அதை நான் பாக்கலாம்."

"சம்பளம் கொறையும்வே."

"தெரியும்."

"இப்பதான் எல்லாம் சரியாயிட்டே. உம்ம பேர்ல ஒரு தப்பும் இல்லன்னு இவளே சொல்லுதாளே."

குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தேன். உள்ளே அந்த மிஷின் மறுபடி சரக் சரக் என்று அடிக்க ஆரம்பித்தது. முந்நூறு முள்ளுக்குப் போட்டுப் பார்க்கிறாள் போல. சரியாக வந்ததா என்று திரும்பிக் கேட்கவில்லை. வீங்கின காலோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். கண்டக்டருக்குப் பத்து ரூபாய் கொடுத்து, அவன் தந்த ஏழு ரூபாயை இரண்டு தரம் எண்ணிப் பைக்குள் வைத்தேன்.